முதல் ப்ராசஸ் மாறிய பிறகு

2015 ஏப்ரல் 25ஆம் தேதி டெபியன் லினக்ஸின் எட்டாம் பதிப்பு வெளிவந்தது. ஜெஸ்ஸி என்று அதற்குப் பெயர். முந்தைய பதிப்பான வீஸியிலிருந்து இதற்கு மாறியவர்களில் சிலருக்கு ஒரே மாதிரி அனுபவம் நேர்ந்தது. அப்கிரேடு ஒரு பிழைச் செய்திகூட இல்லாமல் முடிந்தது. ரீபூட் செய்ததும் கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமுமாக ஓடின. பக்கத்தில் விநாடிக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிடம் நிறைந்ததும் ஓட்டம் நின்றது. எமர்ஜென்சி மோடுக்கு வந்துவிட்டதாக அறிவித்து, ரூட் பாஸ்வேர்டைக் கேட்டபடி இயந்திரம் அங்கேயே நின்றுவிட்டது.

ஹார்டுவேரில் எதுவும் மாறவில்லை. கெர்னலும் மற்ற மென்பொருள்களும் புதிய பதிப்புக்கு வந்திருந்தன. ஆனால் அது ஒவ்வொரு அப்கிரேடிலும் நடப்பதுதான். இந்த முறை கூடுதலாக ஒன்று மாறியிருந்தது. கெர்னல் எழுந்தவுடன் தானே துவக்கும் முதல் நிரலான இனிட், வீஸி வரை சிஸ்விஇனிட்டாக இருந்தது. ஜெஸ்ஸியில் சிஸ்டம்டி ஆகியிருந்தது.

புதிய இனிட் வந்தது, கணினி படுத்தது என்றால் பழி யார்மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இப்படி நின்ற இயந்திரங்களைத் திறந்து பார்த்தால், கோளாறு பெரும்பாலும் புதிய இனிட் வருவதற்கு வெகு நாள் முன்பே உள்ளே இருந்திருக்கும். பழைய இனிட் அதைக் கண்டும் காணாமல் கடந்து போயிருக்கும். இந்த அத்தியாயம் முழுவதும் நாம் பார்க்கப்போவது அந்தப் பழைய கோளாறுகளையும், அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியையும்தான்.

முதலில் இனிட்டின் இடம் எது என்று தெரிய வேண்டும். பவர் பட்டனை அழுத்தியதும் ஃபர்ம்வேர் ஓடுகிறது. அது க்ரப் என்ற பூட்லோடரைக் கூப்பிடுகிறது. க்ரப் கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தற்காலிகக் கோப்பு முறைமையையும் மெமரியில் ஏற்றுகிறது. உண்மையான ரூட் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து மவுண்ட் செய்வது அந்தத் தற்காலிக முறைமையின் வேலை. அது முடிந்ததும் ரூட்டில் உள்ள '/எஸ்பின்/இனிட்' நிரலிடம் எல்லாப் பொறுப்பும் ஒப்படைக்கப்படுகிறது. அதன் ப்ராசஸ் எண் 1. மற்ற எல்லா ப்ராசஸ்களும் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பெற்ற ப்ராசஸ் முடிந்துபோய் அநாதையாகும் ப்ராசஸ்களையும் அதுதான் ஏற்றுக்கொள்கிறது. வேறு எந்த நிரல் செத்தாலும் லினக்ஸ் தொடர்ந்து ஓடும். எண் 1 செத்தால் கெர்னல் ஒரு நொடியும் தாமதிக்காமல் பேனிக் அறிவித்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் நிரலை மாற்றுவது பற்றிப் பெரிய சண்டை நடந்ததில் வியப்பில்லை. சிஸ்விஇனிட்டின் வேர் 1983இல் ஏடி அண்ட் டி வெளியிட்ட யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவில் இருக்கிறது. லினக்ஸுக்கு அதை எழுதியவர் மிக்கெல் வான் ஸ்மூரன்பர்க். 2006இல் உபுண்டு அப்ஸ்டார்ட் என்ற மாற்றைக் கொண்டுவந்தது. 2010 ஏப்ரலில் லென்னர்ட் பாட்டரிங் சிஸ்டம்டியை அறிவித்தார். கே சீவர்ஸ் அதில் அவருடைய முக்கியக் கூட்டாளி. 2011 மே மாதம் ஃபெடோரா 15 அதற்கு மாறியது, 2012இல் ஆர்ச், 2014 ஜூனில் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் ஏழாம் பதிப்பு. டெபியனில் இந்தக் கேள்வி தொழில்நுட்பக் குழுவுக்குப் போனது. 2014 பிப்ரவரியில் சிஸ்டம்டியா, அப்ஸ்டார்ட்டா என்பதில் வாக்குகள் நாலுக்கு நாலு என்று சமமாக நிற்க, தலைவர் பிடேல் கார்பி தன் தீர்மான வாக்கைச் சிஸ்டம்டிக்கு அளித்தார். சில நாட்களில் உபுண்டுவும் அதே வழிக்கு வரப்போவதாக அறிவித்தது. அந்த முடிவை ஏற்காதவர்கள் பிரிந்து போய் டெவுவான் என்ற தனி வெளியீட்டைத் தொடங்கினார்கள்; அது இன்றும் இருக்கிறது.

இரண்டு இனிட்களும் வேலை செய்யும் விதம் அடிப்படையிலேயே வேறு. சிஸ்விஇனிட் ஷெல் ஸ்கிரிப்டுகளின் வரிசையை ஓட்டியது. எந்த ஸ்கிரிப்டு முன்னே, எது பின்னே என்பது கோப்பின் பெயரில் இருக்கும் எண்ணால் தீர்மானமாகும். ஒரு ஸ்கிரிப்டு தோற்றால் திரையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். சிஸ்டம்டியோ எதற்கு எது தேவை என்ற சார்பு உறவுகளை முதலில் படித்துக்கொண்டு, ஒன்றையொன்று தடுக்காத வேலைகளையெல்லாம் ஒரே நேரத்தில் துவக்குகிறது. சேவை எழுவதற்கு முன்பே அதன் சாக்கெட்டைத் திறந்து வைத்துவிடும் உத்தியும் அதனிடம் உண்டு. ரேஷன் கடை திறக்கும் முன்னே பையை வரிசையில் வைத்துவிட்டு வருவதைப் போல, கேட்பவர்களின் செய்திகள் சாக்கெட்டில் காத்திருக்கும். சேவை எழுந்ததும் வந்த வரிசைப்படி எடுத்துக்கொள்ளும்.

சார்பு உறவு என்று வந்துவிட்டால், ஒரு தேவை நிறைவேறாதபோது அதை நம்பியிருப்பதும் நிறைவேறக் கூடாது. ஒன்றரை நிமிடக் காத்திருப்பின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

எந்தப் பார்ட்டிஷன் எந்த அடைவில் மவுண்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல் '/எட்சி/எஃப்எஸ்டேப்' கோப்பில் இருக்கிறது. ஒரு வரிக்கு ஆறு பத்தி. முதல் பத்தியில் பெரும்பாலும் யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண், இரண்டாவதில் அடைவு, நான்காவதில் விருப்பங்கள், ஆறாவதில், பூட் ஆகும்போது அந்தப் பார்ட்டிஷனைச் சோதிக்க வேண்டுமா என்பதைச் சொல்லும் எண். ஒருவர் பேக்கப் எடுப்பதற்காக வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, அதற்கு ஒரு வரி எழுதி, ஆறாவது பத்தியில் 0 போட்டு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். பிறகு அந்த டிஸ்க் கெட்டுவிட்டது, அல்லது கழற்றி வேறு கணினிக்குப் போய்விட்டது. வரி மட்டும் கோப்பிலேயே இருக்கிறது. சிஸ்விஇனிட் காலத்தில் பூட் ஆகும்போது, டிஸ்க் கிடைக்கவில்லை என்று ஒரு வரி திரையில் ஓடி மறையும். அதை யாரும் படிப்பதில்லை. லாகின் திரை வழக்கம்போல வந்துவிடும்.

சிஸ்டம்டி இதே வரியை ஒரு மவுண்ட் யூனிட்டாக மாற்றிக்கொள்கிறது. அந்த யூனிட்டுக்கு டிஸ்க் தேவை. உள்ளூர் கோப்பு முறைமைகள் எல்லாம் தயார் என்ற இலக்குக்கு அந்த யூனிட் தேவை. மற்ற சேவைகள் எழுவதற்கு அந்த இலக்கு தேவை. டிஸ்க் வருமென்று இயல்பான வரம்பான 90 விநாடி காத்திருக்கிறது. வரவில்லை. யூனிட் தோற்கிறது, இலக்கு தோற்கிறது, எமர்ஜென்சி மோடு வருகிறது.

இந்தக் கண்டிப்பு சரியா? சரி என்பதே என் கருத்து. அந்தப் பேக்கப் டிஸ்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும் அதற்கான அடைவு ரூட் பார்ட்டிஷனில் வெறுமையாக இருக்கிறது. இரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டுக்கு வேறுபாடு தெரியாது. அந்த வெற்று அடைவிலேயே எழுதும். தினமும் பேக்கப் வெற்றி என்றே அறிக்கை வரும். உண்மையில் மூலமும் நகலும் ஒரே டிஸ்க்கில் இருக்கும். ரூட் பார்ட்டிஷன் நிரம்பி வழியும் நாளிலோ, அந்த டிஸ்க் சாகும் நாளிலோதான் விஷயம் தெரியவரும். ஒன்றரை நிமிடக் காத்திருப்பும் ஒரு கடுமையான நிறுத்தமும் இதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் தொலைவில், யாரும் பக்கத்தில் இல்லாத டேட்டா சென்டரில் இருக்கும் சர்வருக்கு இந்தக் கண்டிப்பின் விலை அதிகம். எமர்ஜென்சி மோடில் நெட்வொர்க் எழுவதில்லை, எஸ்எஸ்எச் எழுவதில்லை. சீரியல் கன்சோல் ஒன்றே வழி. பழைய முறையில் அந்த கன்சோலைத் திறந்து வைத்தது இனிட்டேப் கோப்பில் ஒரு வரி. சிஸ்டம்டி அந்தக் கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. கெர்னல் கட்டளை வரியில் கன்சோலின் பெயரைக் கொடுத்திருந்தால் அது தானாகவே லாகின் தரும். கொடுக்காதவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு கதவும் மூடின. மவுண்ட் கண்டிப்பு டெபியன் 8இன் வெளியீட்டுக் குறிப்புகளில் முன்பே எழுதப்பட்டிருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

எமர்ஜென்சி மோடில் நிற்கும் இயந்திரத்தைச் சரிசெய்வது கடினமல்ல. ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போய் 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு' என்று கேட்டால் தோற்ற யூனிட்களின் பெயர் வரும். 'ஜர்னல்சிடிஎல் -பி' இந்த பூட்டின் முழுப் பதிவையும் காட்டும். அதில் கடைசிப் பிழையைவிட முதல் பிழையே முக்கியம்; பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். குற்றவாளி எஃப்எஸ்டேப் வரி என்று தெரிந்தால், இல்லாத டிஸ்க்கின் வரியை நீக்கலாம். சில சமயம் மட்டும் செருகும் டிஸ்க் என்றால் நான்காவது பத்தியில் 'நோஃபெயில்' என்று சேர்த்தால் போதும். அது இல்லாமலும் பூட் தொடரும். பிறகு 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு', அதன்பின் 'சிஸ்டம்சிடிஎல் டிஃபால்ட்'. ரீபூட்கூடத் தேவைப்படாது.

இதன் தம்பி போன்ற கோளாறு ஒன்று உண்டு: ஒன்றரை நிமிடம் காத்திருக்கும், ஆனால் அதன்பின் கணினி ஒழுங்காக எழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் இப்படி என்றால் ஸ்வாப் வரியைப் பாருங்கள். அதே கணினியில் இரண்டாவதாக ஒரு லினக்ஸை நிறுவும்போது அதன் நிறுவி ஸ்வாப் பார்ட்டிஷனைப் புதிதாக ஃபார்மட் செய்துவிடுவதுண்டு. அதனால் யூயூஐடி மாறிவிடும். முதல் லினக்ஸின் எஃப்எஸ்டேப் மட்டும் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். ஸ்வாப் இல்லாமலும் பூட் ஆகலாம் என்பதால் எமர்ஜென்சி வருவதில்லை.

குறியாக்கம் செய்த டிஸ்க்குகளில் கோளாறு வேறு வகை. டெபியனின் பழைய ஸ்கிரிப்டுகள், சாவியை ஒரு தனி நிரல் மூலம் வரவழைக்கும் கீஸ்கிரிப்ட் விருப்பத்தை மதித்தன. சிஸ்டம்டி அதை ஆதரிக்கவில்லை. யுஎஸ்பி ஸ்டிக்கில் சாவி வைத்திருந்தவர்களுக்கு இங்கே குற்றம் தங்கள் பக்கம் இல்லை. புதிய இனிட்டில் ஒரு வசதி உண்மையாகவே குறைந்தது.

இதுவரை பார்த்தவை எல்லாம் இனிட் எழுந்த பிறகு நடப்பவை. அது எழுவதற்கு முன்பே நின்றால் திரை வேறு மாதிரி இருக்கும், அந்த வேறுபாடே பாதி விடை. அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல்லோடு ஒரு சிறு ஷெல் வந்து நின்றால், தற்காலிக முறைமை இன்னும் பொறுப்பை ஒப்படைக்கவில்லை என்று பொருள். ரூட் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த பார்ட்டிஷனில் இனிட் இல்லை. டெபியனில் அந்த ஷெல்லிலிருந்தே பார்த்துவிடலாம்: உண்மையான ரூட் அங்கே '/ரூட்' என்ற அடைவில் மவுண்ட் ஆகியிருக்கும். அது வெறுமையாக இருந்தால் டிஸ்க் பிரச்சினை. கோப்புகள் இருந்து '/எஸ்பின்/இனிட்' மட்டும் இல்லையென்றால் இனிட் மாற்றம் பாதியில் நின்றிருக்கிறது. சிஸ்டம்டியை நிறுவினாலே அது எண் 1 ஆகிவிடாது. '/எஸ்பின்/இனிட்' என்ற பெயரை அதற்குக் கட்டிவிடுவது 'சிஸ்டம்டி-சிஸ்வி' என்ற தனித் தொகுப்பு. பழையதை நீக்கி முடித்து, புதியதை வைக்கும் முன் மின்சாரம் போனால் அந்தப் பெயருக்கு உரியவர் யாரும் இல்லை.

கெர்னல் பேனிக் வந்தால் அச்சப்பட வேண்டாம்; செய்தியின் கடைசியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனிட்டைக் கொல்ல முயற்சி நடந்தது என்ற வாசகத்தோடு பதினாறடிமான எண் முறையில் ஒரு வெளியேறும் குறியீடு இருக்கும். கடைசி நான்கு இலக்கம் 7எஃப்00 என்றால், 7எஃப் என்பது 127. நிரல் துவங்கும்போது அதற்கு வேண்டிய ஷேர்டு லைப்ரரி கிடைக்காவிட்டால் லோடர் திருப்பித் தரும் எண் அது. அதாவது இனிட் இருக்கிறது, அது நம்பியிருக்கும் லைப்ரரி காணாமல் போயிருக்கிறது. பாதியில் நின்ற அப்கிரேடின் அடையாளம். 000பி என்றால் 11ஆம் சிக்னல். இனிட் மெமரி பிழையால் விழுந்திருக்கிறது. இரண்டும் இரண்டு வேறு மருத்துவத்துக்கு உரியவை. முதலாவதற்கு லைவ் யுஎஸ்பியிலிருந்து எழுந்து, பழைய ரூட்டை மவுண்ட் செய்து, அதனுள் ச்ரூட் கட்டளையால் புகுந்து, தடைபட்ட நிறுவலை முடித்துவிட்டால் போதும்.

எமர்ஜென்சி மோடு கேட்கும் ரூட் பாஸ்வேர்டே இல்லாதவர்கள் பலர். உபுண்டுவில் ரூட் கணக்கு இயல்பாகவே பூட்டப்பட்டிருக்கும். டெபியனிலும் நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டை வெறுமையாக விட்டால் அதே நிலை. அப்போது கணக்கு பூட்டியிருக்கிறது என்ற செய்தி மட்டுமே மிஞ்சும். இதற்குக் கதவு க்ரப்பில் இருக்கிறது. மெனுவில் 'இ' எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' என்று சேர்த்து, கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால், சிஸ்டம்டியும் இல்லாமல் சிஸ்விஇனிட்டும் இல்லாமல் ஒரு பாஷ் ஷெல்லே எண் 1 ஆக எழும். ரூட் படிக்க மட்டும் திறந்திருக்கும். 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' என்று சொல்லித்தான் எஃப்எஸ்டேப்பைத் திருத்த முடியும். திருத்தி முடித்ததும் பழக்கதோஷத்தில் 'எக்ஸிட்' என்று தட்டிவிடக் கூடாது. அந்த ஷெல்தான் முதல் ப்ராசஸ். அது வெளியேறினால் பேனிக் உறுதி. 'சிங்க்' கொடுத்து எழுதியவை டிஸ்க்கில் சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு, 'எக்ஸெக் /எஸ்பின்/இனிட்' என்று சொன்னால் பாஷ் தன் இடத்தை உண்மையான இனிட்டுக்கு விட்டுக்கொடுக்கும்.

மாற்றத்தின் நடுவே இன்னொரு விசித்திரமான நேரம் உண்டு. புதிய இனிட் டிஸ்க்கில் வந்துவிட்டது, ஆனால் மெமரியில் ஓடுவது இன்னும் பழையது. இப்போது 'ரீபூட்' என்று தட்டினால், புதியதோடு வந்த கட்டளை புதிய மொழியில் பேசும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய இனிட்டுக்கு அது புரியாமல் போகலாம். ப்ராசஸ்கள் பேசிக்கொள்ளும் 'பஸ்'ஸில் இணைய முடியவில்லை என்பது போன்ற பிழை வரும், கணினி ரீபூட் ஆகாது. எதுவும் கெட்டுவிடவில்லை. சேவைகளைக் கையால் நிறுத்திவிட்டு, 'சிங்க்' கொடுத்து, 'ரீபூட் -எஃப்' என்றால் இனிட்டைக் கேட்காமல் நேரே கெர்னலிடம் போகும். அதுவும் முடியாவிட்டால் ஆல்ட்டும் சிஸ்ரிக்யூவும் அழுத்தியபடி எஸ், யு, பி என்று ஒவ்வொன்றாக அழுத்தலாம்: எழுதாததை எழுது, டிஸ்க்குகளைப் படிக்க மட்டும் ஆக்கு, ரீபூட் செய்.

எதிர்த் திசையில், சிஸ்டம்டியிலிருந்து சிஸ்விஇனிட்டுக்கோ ஓபன்ஆர்சி என்ற இன்னொரு மாற்றுக்கோ போகிறவர்களுக்குப் பூட் பெரும்பாலும் தடைபடுவதில்லை. லாகின் செய்த பிறகுதான் தொல்லை. டெஸ்க்டாப் பயனரின் அமர்வைக் கவனித்துவந்த லாகின்டி, சிஸ்டம்டியோடு சேர்ந்தது. அது போனால் ஷட்டவுன் பட்டனும் சஸ்பெண்டும் வேலை செய்யாமல் போகும். ஈலாகின்டி என்ற தனித் தொகுப்பு அந்த இடத்தை நிரப்புகிறது. இந்தப் பக்கம் போவோர், தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கட்டளை காட்டும் நீக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படித்த பிறகே 'ஒய்' என்று தட்ட வேண்டும். சில நேரம் டெஸ்க்டாப்பே அந்தப் பட்டியலில் இருக்கும்.

பதிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெஸ்ஸியில் ஜர்னல் மெமரியில் மட்டுமே இருந்தது. ரீபூட் செய்த கணமே தோல்வியின் சாட்சியம் அழிந்துவிடும். 2021இல் வந்த டெபியன் 11 முதல் அது டிஸ்க்கில் சேமிக்கப்படுகிறது. அதற்கு முந்தைய பதிப்பை இன்னும் ஓட்டுகிறவர்கள் '/வார்/லாக்/ஜர்னல்' என்ற அடைவை உருவாக்கினாலே போதும். முந்தைய பூட்டின் பதிவை 'ஜர்னல்சிடிஎல் -பி -1' என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இனிட்டை மாற்றும் எண்ணம் இல்லாதவர்களும் இன்றே ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். 'ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை' என்ற கட்டளை எஃப்எஸ்டேப்பை வரிவரியாகப் படித்து, இல்லாத டிஸ்க்கையும் இல்லாத அடைவையும் சொல்லிவிடும். அது பிழை காட்டினால் அடுத்த ரீபூட்டுக்கு முன் திருத்துங்கள். ரூட் பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், லைவ் யுஎஸ்பி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது இவற்றுக்குச் சில நிமிடம்தான் ஆகும்.